வாரண்டி முடிந்த ஏழாவது வாரத்தில் நின்ற கார்

தம்பி, "வாரண்டி முடிந்துவிட்டது, இனி நான் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை பழுதுக்கு 58,000 ரேண்டைக் கட்டித்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் உண்மையான கேள்வி அதுவல்ல என்று எனக்குப் படுகிறது. புதுக் காராக வாங்கினீர்கள். வாரண்டி 3 ஆண்டு அல்லது 100,000 கி.மீ. 19,000 கி.மீ.யில் மேட்டில் ஏறும்போது கார் உதறுகிறது என்று சொன்னீர்கள், சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்பினார்கள். 38,000-இல் மறுபடி சொன்னீர்கள், கிளட்ச் மாற்றினார்கள். 52,000-இல் மூன்றாம் முறை போனீர்கள், "கோளாறு எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிந்த ஏழாவது வாரம், 69,000 கி.மீ.யில், நம் டர்பனின் ஹிகின்சன் ஹைவே மேட்டில் கார் நின்றுவிட்டது. அப்படியானால் கேள்வி இதுதான்: இது வாரண்டிக்குப் பிறகு வந்த புதுக் கோளாறா, வாரண்டிக்குள் தொடங்கி யாரும் சரிசெய்யாமல் விட்ட பழைய கோளாறா? டீலர் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். டர்பனில் பதினெட்டு வயதில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஸ்பானர் பிடித்தேன். பிறகு பதினோரு ஆண்டு ஒரு டீலர்ஷிப்பில் சர்வீஸ் அட்வைசர் வேலை. சட்டை அழுக்காகாத அந்த மேசைக்குப் பின்னால், உங்களைப் போன்றவர்களிடம் "அப்படியா சார், பார்க்கிறோம்" என்று சொன்ன ஆள் நான்தான். இப்போது சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப், பெரும்பாலும் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்வது, வாடிக்கையாளர்களுக்காகத் திரும்பத் திரும்பப் படித்துக் கடிதம் எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்வது. உங்கள் காரின் அடியில் நான் படுத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் நீங்கள் எழுதிய பிராண்டுப் பெயரை இங்கே திரும்ப எழுதாமல் விடுகிறேன்.

முதலில் இயந்திரம். உங்கள் காரில் இருப்பது உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். பார்ப்பதற்கு ஆட்டோமேட்டிக் மாதிரி, உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நம் காலுக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் அவற்றை அழுத்தி விடுகிறது. பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வேகம் குறைந்து ஊர்ந்து போகும்போது நடுவில் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும். உலர் கிளட்சில் அந்த எண்ணெய் இல்லை. தட்டுகளே ஒன்றோடொன்று உரசி வழுக்க வேண்டும். உரசினால் சூடு. சூடு ஏறினால் தட்டின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, சீராகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். அதுதான் நீங்கள் சொல்லும் உதறல். சாட்ஸ்வொர்த்திலிருந்து பைன்டவுனுக்குக் காலை நேரத்தில் மேடும் நெரிசலுமாகப் போகிற ஒருவருக்கு இந்தக் கியர்பாக்ஸ் எவ்வளவு சோதனை என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குட் ஃப்ரைடே அன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில், வண்டி வரிசையில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, திங்கள் அல்லது செவ்வாயன்று என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த இரட்டைக் கிளட்ச் கார்களை நான் எண்ணிக்கொண்டதில்லை, ஆனால் ஆண்டுதோறும் வரும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கிளட்ச் தட்டு கெட்டது நோயாகவும் இருக்கலாம், வேறு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டான இன்புட் ஷாஃப்டின் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து தட்டில் படிந்தால் உதறும். கிளட்சை இயக்கும் பகுதி சரியான அழுத்தம் கொடுக்காவிட்டாலும் உதறும். கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரின் அளவீடு தப்பாக இருந்தாலும் உதறும். காரணத்தைத் தொடாமல் தட்டை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி ஓடும், பிறகு அதே கதை. உங்களுக்கு 38,000-இல் கிளட்ச் மாற்றியும் 52,000-இல் திரும்ப வந்தது என்றால், 14,000 கி.மீ.யில் ஒரு புதுக் கிளட்ச் தேய்ந்துவிட்டதா, அல்லது அதைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருந்ததா? என் அனுபவம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்காமல் அதைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது. யாராவது போனில் கேட்டே காரணத்தைச் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

சரி, 52,000-இல் ஏன் "கோளாறு இல்லை" என்று எழுதினார்கள்? உங்களை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் காலையில் எழுந்து வருவதில்லை. அந்த மேசையின் கணக்கு வேறு. வாரண்டி வேலைக்கு டீலருக்குப் பணம் கொடுப்பது தயாரிப்பாளர். எந்த வேலைக்கு எத்தனை நேரம் என்று முன்கூட்டியே விதித்திருப்பார்கள். பாகத்தைக் கழற்றி மாட்டும் நேரத்துக்கு ஓரளவு கிடைக்கும், கோளாறைத் தேடும் நேரத்துக்குக் கிடைப்பது சொற்பம். அதோடு தணிக்கை வரும். மாற்றிய பாகம் நன்றாகத்தான் இருந்தது என்று கண்டுபிடித்தால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால் அட்வைசருக்குத் துணிச்சல் வரும். குறியீடு இல்லாத, இருந்திருந்து வருகிற உதறலுக்குப் பாகம் மாற்றினால் அவர் தலையில் விழும். ஆகவே கார் சூடாறிய பிறகு, முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்று சாவியைக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் வசதி. உங்களைத் தவிர.

"நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம்" என்றும் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுக்கு உலகத்தில் ஒரு விலை நிர்ணயமாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் உதறிய விவகாரத்தில், 2018 ஏப்ரலில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நிறுவனத்துக்கு அந்தக் கியர்பாக்ஸில் சிக்கல் இருப்பது தெரிந்திருந்தும், உதறலுக்குக் காரணம் வாடிக்கையாளரின் ஓட்டும் பாணி என்று சிலரிடம் சொன்னதும் அந்த வழக்கில் முக்கியமாக வந்தது. அது அந்த நாட்டுச் சட்டம், அந்தக் கார்கள். உங்கள் வழக்குக்கு அது ஆதாரம் ஆகாது. ஆனால் உலர் கிளட்ச் உதறல் என்பது உங்கள் கற்பனை இல்லை என்பதற்கு இது போதும். ஃபோக்ஸ்வேகனும் டிஎஸ்ஜி என்ற தன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்காக 2013-இல் சீனாவில் 384,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்கு முன்பே அந்த நாட்டில் அந்தக் கியர்பாக்ஸுக்கான வாரண்டியை 10 ஆண்டு, 160,000 கி.மீ. என்று நீட்டியிருந்தது. காகிதத்தில் அச்சடித்த வாரண்டித் தேதியைத் தயாரிப்பாளர் நினைத்தால் நகர்த்த முடியும், நகர்த்தியும் இருக்கிறார்கள். "சிஸ்டம் விடாது சார்" என்று சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் தென்னாப்பிரிக்கச் சட்டம். 2011 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி. அதன் 56-ஆம் பிரிவை எல்லோரும் ஆறு மாதச் சட்டம் என்று சொல்வார்கள். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிப்பது நீங்கள், டீலர் இல்லை. அப்படிப் பழுது பார்த்து மூன்று மாதத்துக்குள் குறை தீராவிட்டால், மாற்றித்தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும், மறுபடி பழுது பார்க்கிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. இது நிச்சயம். உங்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது என்பதும் நிச்சயம். 19,000 கி.மீ. வந்தபோதே பத்து மாதம் ஆகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கிற, போன மாதம் கார் வாங்கிய யாராவது இருந்தால், அந்த ஆறு மாதத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

ஆனால் அதற்கு முந்தைய 55-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொருள் நல்ல தரத்தில், குறையில்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அது சாதாரணமாகப் பயன்படுத்தப்படும் விதத்தைக் கணக்கில் கொண்டு, நியாயமான காலத்துக்குப் பயன்படக்கூடியதாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும். இதற்கு ஆறு மாதம் என்ற எல்லை எழுதப்படவில்லை. அதோடு இந்த உத்தரவாதத்தைக் கொடுப்பவர் டீலர் மட்டுமல்ல. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், விநியோகஸ்தர், விற்றவர் என்று ஒவ்வொருவருமே கொடுத்ததாகச் சட்டம் சொல்கிறது. தயாரிப்பாளரின் அச்சடித்த வாரண்டி இதற்குப் பதிலாக வருவதில்லை, இதோடு சேர்ந்து வருகிறது. ஆகவே "வாரண்டி முடிந்தது, எங்கள் பொறுப்பும் முடிந்தது" என்ற வாக்கியம் சட்டப்படி முழுமையானதில்லை.

இப்போது சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். ஆறு மாதம் தாண்டிய பிறகு 55-ஆம் பிரிவை மீறினால் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று சட்டம் 56-ஐப் போலப் பளிச்சென்று சொல்லவில்லை. நியாயமான காலம் என்பது 69,000 கி.மீ.யா, 150,000-ஆ என்பது ஆளுக்கு ஆள் மாறும் வாதம். டீலரின் வக்கீல், கிளட்ச் தேய்மானப் பாகம் என்று தொடங்குவார். ப்ளூம்ஃபொன்டெய்னில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஒரு கார் வழக்கில், சின்னச் சின்னப் பழுது எல்லாம் சட்டம் சொல்லும் குறை ஆகிவிடாது என்று தெளிவாகச் சொன்னது. பொருளின் பயன்பாட்டையோ பாதுகாப்பையோ குறைக்க வேண்டும், அல்லது ஒரு சாதாரண மனிதர் எதிர்பார்க்கும் தரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். லாரிகள் ஏறும் மேட்டில் நடுவழியில் இழுவை போய் நிற்கும் கார் அந்த அளவைத் தாண்டுகிறது என்று நான் நினைக்கிறேன். அதனால் கடிதத்தில் "உதறுகிறது" என்று எழுதுவதை விட, "ஓடும் சாலையில் இழுவை இழந்து நின்றது, பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உதறலைத் தொந்தரவு என்று சொல்லித் தள்ளலாம், நடுச்சாலையில் நின்றதை அப்படித் தள்ள முடியாது.

இந்தச் சட்ட வாதத்தை விட எனக்கு நம்பிக்கை தரும் வழி ஒன்று இருக்கிறது, அது எளிமையானது. வாரண்டி என்பது ஒரு ஒப்பந்தம். அதன் காலத்துக்குள் நீங்கள் கோளாறைச் சொன்ன அன்றே அதைச் சரிசெய்யும் கடமை அவர்களுக்கு வந்துவிட்டது. சொன்ன கோளாறை அவர்கள் சரிசெய்யவில்லை என்றால், தேதி முடிந்ததால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. கடனைத் தவணைத் தேதிக்குள் கேட்டாயிற்று, கொடுக்காமல் காலத்தை ஓட்டிவிட்டு "தேதி போய்விட்டது" என்று சொல்வது மாதிரி இது. இந்த வாதம் நிற்க வேண்டுமானால் ஒரே நிபந்தனை: 19,000, 38,000, 52,000, 69,000 நான்கும் ஒரே கோளாறு என்று காகிதம் காட்ட வேண்டும். 52,000-க்குப் போனபோது ஏசி சத்தம் போடுகிறது என்று மட்டும் ஜாப் கார்டில், அதாவது காரை விடும்போது புகாரை எழுதும் தாளில், எழுதியிருந்தால், நீங்கள் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று.

ஆகவே காகிதத்தைத் திரட்டுங்கள். உங்களிடம் இருப்பது இன்வாய்ஸ்தான், அது போதாது. ஒவ்வொரு வருகைக்கும் ஜாப் கார்டின் நகல் வேண்டும். அதில் மெக்கானிக் கையால் எழுதிய குறிப்பும் இருக்க வேண்டும். உங்கள் சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கம்ப்யூட்டரில் இருக்கும் முழு வாரண்டி வரலாற்றையும் கேளுங்கள். கொடுக்க மாட்டோம் என்றால், உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் பதிவேடுகளைத் தனியார் நிறுவனத்திடமிருந்தும் கேட்டுப் பெற வழிசெய்யும் 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. அதன் பெயரைக் கடிதத்தில் எழுதினாலே பல நேரம் கோப்பு மேசைக்கு வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அட்வைசரோடு பேசியது, டோ வண்டிக்காரர் கொடுத்த ரசீது, உங்கள் மனைவி போனில் எடுத்ததாகச் சொன்ன அந்த வீடியோ, எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொரு காகிதத்தை அவர்கள் உங்களுக்கு எதிராக வைத்திருக்கிறார்கள். 45,000 கி.மீ. சர்வீஸை 2,300 கி.மீ. தாமதமாகச் செய்தீர்கள் என்பது. இதில் வாரண்டிப் புத்தகத்தின் சொற்களைப் படித்துப் பார்க்க வேண்டும். சில புத்தகங்கள் தாமதத்துக்கு ஒரு சலுகை அளவு தருகின்றன, சில தருவதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் சர்வீஸில் மாற்றுவது எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், அது தாமதமானதால் எஞ்சினோடு எண்ணெய்த் தொடர்பே இல்லாத உலர் கிளட்ச் எப்படிக் கெட்டது? இதை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் அட்வைசராக இருந்தபோது இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டவர்களுக்கு மழுப்பலாக பதில் எழுத எங்கள் மேனேஜர் மிகவும் சிரமப்பட்டார். அதே போல, ஒரு முறை பிரேக் பேடை வெளியில் மாற்றினேன், அதனால் வாரண்டி போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வாரண்டி காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கலாம், அதற்காக மட்டும் முழு வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வெளியில் பார்த்த வேலையால் ஏதாவது கெட்டுப்போனால் அந்தச் சேதத்துக்கு மட்டும் வாரண்டி கேட்க முடியாது. பிரேக் பேடுக்கும் கிளட்சுக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை.

கடிதத்தை டீலருக்கு மட்டும் எழுதாதீர்கள், தயாரிப்பாளரின் தென்னாப்பிரிக்கத் தலைமை அலுவலகத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். குட்வில் என்று ஒன்று உண்டு. வாரண்டிக்கு வெளியே, உரிமை என்று ஒப்புக்கொள்ளாமல், செலவில் ஒரு பங்கை அவர்களே ஏற்பது. அதைத் தருவது டீலர் மேசையில் உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை, வட்டார மேனேஜர். எல்லாச் சர்வீஸும் அவர்களிடமே செய்தவர், வாரண்டி முடிந்து கொஞ்ச நாளே ஆனவர், அதே புகார் பழைய பதிவில் இருப்பவர், இவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்றுமே உங்களுக்குப் பொருந்துகிறது. பாகத்தின் விலை முழுதும் அவர்கள், கூலி நீங்கள் என்று முடிந்ததைப் பார்த்திருக்கிறேன், பாதிப் பாதி என்றும் பார்த்திருக்கிறேன், கதவைச் சாத்தியதையும் பார்த்திருக்கிறேன். முதலில் அவர்கள் சொல்லும் பங்கு கடைசிப் பங்கு இல்லை, கொஞ்சம் பேரம் பேசலாம், மீன் வாங்கும்போது பேசுவதில்லையா? ஆனால் எதிலாவது கையெழுத்து வாங்கினால், "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால் மோட்டார் துறைப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மன், எல்லோரும் மியோசா என்று சொல்வது. நுகர்வோர் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு, நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. டீலருக்கு எழுதிப் பதில் கிடைக்கவில்லை அல்லது திருப்தி இல்லை என்று காட்டிய பிறகுதான் எடுப்பார்கள். காகிதத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு, காரை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே கோப்பைத் தயார் செய்யுங்கள். அவகாசம் பிடிக்கும். அதன் பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம், அதற்கும் மேலே நுகர்வோர் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்துக்குப் போக மூன்று ஆண்டு வரம்பு உண்டு, சாதாரணக் கடன் கோரிக்கைகளுக்கும் பெரும்பாலும் மூன்று ஆண்டுதான். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் வரும், அதனால் 19,000 கி.மீ. தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு அவசரப்படுங்கள். அப்படி எண்ணினால் உங்களிடம் இன்னும் எட்டு மாதமாவது இருக்கிறது.

சின்ன வழக்கு நீதிமன்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 20,000 ரேண்ட். வக்கீல் வைக்கக்கூடாது, எதிர்ப்பக்கமும் வைக்க முடியாது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். உங்கள் கோரிக்கை 58,000 என்றாலும், 20,000-க்கு மேற்பட்டதை விட்டுக்கொடுத்து அங்கே போகலாம். 38,000 ரேண்டைத் தானம் செய்வதா என்று கேட்பீர்கள். மியோசாவும் குட்வில்லும் கைவிட்டு, வக்கீலுக்குக் கொடுக்கவும் வசதி இல்லை என்றால் மட்டும் யோசிக்க வேண்டிய கணக்கு அது.

இதற்கிடையில் கார் வேண்டுமே, வேலைக்குப் போக வேண்டுமே என்பது நியாயம். பணம் கட்டிச் சரிசெய்துகொள்வதாக இருந்தால், எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டு, உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று முன்பே எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் செலவில் செய்யும் பழுதில் எடுத்த பாகங்களைத் தனியாக வைத்து, சுத்தமான பெட்டியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 67-ஆம் பிரிவு. ஜாப் கார்டின் அடியில் பொடி எழுத்தில் "பழைய பாகம் வேண்டாம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள், பார்த்து அதை அடித்துவிடுங்கள். எண்ணெய் படிந்த கிளட்ச் தட்டு ஒன்று உங்கள் கையில் இருந்தால், சீல் கசிந்தது என்று நான் எழுதும் பத்துப் பக்க அறிக்கையை விட அது பேசும். கழற்றும்போது புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே நில்லுங்கள். புதிதாகப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 57-ஆம் பிரிவின்படி குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. அந்த மூன்று மாதத்தில் காரைப் பொத்திப் பொத்தி ஓட்டாதீர்கள். வழக்கமான மேட்டில், வழக்கமான நெரிசலில் ஓட்டுங்கள். திரும்ப உதறினால் அன்றே எழுதுங்கள்.

வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் பலர் செய்யும் தப்பு இது. கடைசித் தவணை வரை காரின் உரிமையாளர் வங்கி. கியர்பாக்ஸ் சண்டை உங்களுக்கும் விற்றவருக்கும். தவணை நின்றால் வங்கி காரை எடுத்துக்கொள்ளப் பார்க்கும், அப்போது உங்கள் ஆதாரமே யார்டில் போய் நிற்கும். வாங்கும்போது ஃபைனான்ஸ் மேசையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஏதாவது சேர்த்து விற்றார்களா என்றும் ஒப்பந்தத்தைப் பாருங்கள், மாதம் இருநூறு முந்நூறு ரேண்ட் பிடித்துக்கொண்டிருப்பார்கள், நமக்கே நினைவிருக்காது. அது பெரும்பாலும் காப்பீட்டுப் பாலிசி, தயாரிப்பாளரின் வாரண்டி இல்லை. பாகத்துக்குப் பாகம் உச்சவரம்பு இருக்கும், கிளட்ச் தட்டு பட்டியலில் இருக்காது, ஆனால் சீலும் கட்டுப்பாட்டு யூனிட்டும் இருக்கலாம். காரணம் எது என்று கண்டுபிடிப்பது பணத்தையும் தீர்மானிக்கும் இடம் இதுதான்.

ரீகால், அதாவது தயாரிப்பாளரே கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதுகாப்புக் குறைக்கான ரீகால் வேலைக்கு வாரண்டித் தேதி பார்ப்பதில்லை. 2017 ஜனவரியில் ஃபோர்டு 1.6 லிட்டர் கூகா கார்கள் 4,556-ஐ இந்த நாட்டில் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். தீப்பிடித்த கார்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் புகார் சொன்னபோது அது தனித்தனிச் சம்பவம். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் அசைந்தார்கள். உங்கள் மாடலில் இதே கோளாறு உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, தேதி, கி.மீ., ஜாப் கார்டோடு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதச் சொல்லுங்கள். வெறும் வசவு எதற்கும் உதவாது.

கடைசியாக, அந்த 52,000 கி.மீ. ஜாப் கார்டு. "கோளாறு தென்படவில்லை" என்ற வரியை நானும் என் கையால் எழுதியிருக்கிறேன், எத்தனை முறை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வரிக்கு மேலே, கார்டின் ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். உள்ளே வரும்போது ஓடோமீட்டர், வெளியே போகும்போது ஓடோமீட்டர். நாளைக்குப் போய் முதலில் அந்த நகலை வாங்குங்கள், இரண்டையும் கழித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன புகார், சூடேறிய பிறகு மேட்டில் உதறுகிறது என்பது. வித்தியாசம் ஒரு கிலோமீட்டரோ இரண்டோ என்றால், அவர்கள் அந்தக் காரைச் சூடாகும் வரை ஓட்டவே இல்லை, மேட்டுப் பக்கம் கொண்டு போகவும் இல்லை. உங்கள் கடிதத்தின் முதல் வரி அந்த எண்ணாக இருக்கட்டும்.